90 நிமிடத்தை 12 ஆகச் சுருக்கினால்: உதைபந்தாட்ட கேம்களில் வேகம் ஏன் எப்போதும் வெல்கிறது?

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும், நாலு பேர் கூடி ஒரு டிவியில் உதைபந்தாட்ட கேம் விளையாடும் இடத்தில் விசில் ஊதுவதற்கு முன்னமே ஒரு ஒப்பந்தம் போடப்படும். "மச்சான், பிரான்ஸ் எடுக்கப்படாது." "அப்ப நீ ரியல் மாட்ரிட் எடுக்காத." "சரி, ரெண்டு பேரும் ஒரே டீம் எடுப்பம்." கோல் காப்பாளரை வெளியே ஓடவிடக் கூடாது, கிக் ஓஃப் எடுத்த கையோடு நேரே ஓடக் கூடாது, ஒரே மூலை உதைத் தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது என்று சட்டங்கள் நீண்டுகொண்டே போகும். கொஞ்சம் மூத்தவர்கள் இதே சண்டையை பிளேஸ்டேஷன் 2 காலத்தில் இன்டர் மிலான் பெயரில் போட்டிருப்பார்கள். 2006இல் வந்த ப்ரோ எவலூஷன் சொக்கர் 6இல் இன்டரின் அட்ரியானோவுக்கு உதையின் பலம் 99. அவருடைய இடது காலுக்குப் பந்து போய்விட்டால், எவ்வளவு தூரமாக இருந்தாலும் எதிரில் இருப்பவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடலாம்.

இந்த ஒப்பந்தங்களைச் சின்னப் பிள்ளைத்தனம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. கேமைச் செய்த நிறுவனம் முடிக்காமல் விட்ட வேலையை இங்கே விளையாடுகிறவர்கள் தங்கள் வாயாலேயே முடித்துக்கொள்கிறார்கள். ஒரே அணி, ஒரே உத்தி, ஒரே பட்டன் மற்ற எல்லாவற்றையும் அடித்து வீழ்த்திவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கேம் செய்கிறவர்கள் சொல்லும் பேலன்ஸ். 1993இல் முதல் பிஃபா கேம் வந்த நாளில் இருந்து, அதே தொடர் பெயர் மாறி வந்த எஃப்.சி. 26 வரை இந்த வேலை முடிந்தபாடில்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாக ஏதோ ஒன்று மிஞ்சிப்போகிறது, அதை அப்டேட் போட்டு அடக்குகிறார்கள், உடனே இன்னொன்று தலை தூக்குகிறது.

வருடத்துக்கு வருடம் மாறாத முறைப்பாடு ஒன்றுதான்: வேகமான முன்கள வீரர் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தேவையில்லை. பழி எப்போதும் எம்பாப்பே மாதிரியான ஆட்களின் தலையில் விழும். நிறுவனம் அவருக்கு வேகத்தைக் கூட்டிப் போட்டுவிட்டது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குற்றவாளி கேமில் ஓடும் மணிக்கூடு.

கணக்கைப் பார்ப்போம். 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில் 64 ஆட்டங்களில் 172 கோல்கள். ஆட்டத்துக்கு 2.69. அதாவது உலகத்தின் சிறந்த அணிகள் மோதும்போது ஏறத்தாழ 33 நிமிடத்துக்கு ஒரு கோல். இப்போது கேமுக்கு வாருங்கள். வீரர்களின் கார்டுகளைச் சேர்த்து அணி அமைத்து ஒன்லைனில் மோதும் அல்டிமேட் டீமில் ஒரு பாதி 6 நிமிடம், முழு ஆட்டம் 12 நிமிடம். நிஜ உதைபந்தாட்டத்தின் கதியிலேயே அந்த 12 நிமிடமும் ஓடினால் சராசரியாக 0.36 கோல்தான் விழும். மூன்று ஆட்டம் விளையாடினால் ஒரு கோல்! கேம் கடையில் மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பானா? இருக்க மாட்டான். ஆகவே கேம் செய்கிறவர்கள் 90 நிமிடத்தில் நடக்க வேண்டிய கோல் வாய்ப்புகளை எல்லாம் 12 நிமிடத்துக்குள் திணிக்கிறார்கள். ஏழரை மடங்கு அடர்த்தி.

பாலைச் சுண்டக் காய்ச்சும்போது இனிப்பு மட்டுமா சுண்டும்? அடிப்பிடித்த வாடையும் சேர்ந்துதான் சுண்டும். நிஜ ஆட்டத்தில் வேகமான வீரர் ஒருவருக்குப் பின்களத்தின் பின்னால் ஓடும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். மற்ற நேரம் முழுக்க அவர் நடப்பார், திரும்பி வருவார், மூச்சு வாங்குவார். கேமில் அந்த "மற்ற நேரம்" வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பது ஓட்டம் மட்டும். பந்தை வைத்து ஆட்டத்தின் கதியை ஆறவைப்பது, எதிரணியை மெல்ல மெல்லக் களைக்கச் செய்வது, சரியான இடத்தில் சும்மா நிற்பது போன்ற திறமைகளுக்கு விலை வரவேண்டியது இந்த வெட்டுப்பட்ட நேரத்தில்தான். அதனால்தான் ஒரு நல்ல மத்தியகள வீரரின் நிலையெடுப்புக்கு 90 புள்ளி போட்டிருந்தாலும் அது ஆட்டத்தில் தெரிவதில்லை. முன்கள வீரரின் வேகத்துக்கு 90 போட்டால் அந்தக் கணமே தெரிகிறது.

இன்னொரு கணக்கு. செக்கனுக்கு 10 மீற்றர் ஓடும் முன்கள வீரர், செக்கனுக்கு 9 மீற்றர் ஓடும் பின்கள வீரர். 30 மீற்றர் ஓட்டத்தின் முடிவில் இடைவெளி 3 மீற்றர். நிஜத்திலும் அந்த 3 மீற்றர் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் அவருக்குப் பந்து சரியாக வந்து சேர வேண்டும், முழு வேகத்தில் ஓடிக்கொண்டே முதல் தொடுகையில் பந்தை அடக்க வேண்டும், ஓஃப்சைட் கோட்டைத் தாண்டாமல் புறப்பட்டிருக்க வேண்டும், ஓடி முடித்த பிறகும் கோல் அடிக்கக் காலில் தெம்பு இருக்க வேண்டும். பின்னேரம் மூன்று மணி மட்டக்களப்பு வெயிலில் மைதானத்தில் இறங்கிப் பாருங்கள். இரண்டு முறை முழு மூச்சாக ஓடிய விங்கர் மூன்றாவது பந்துக்கு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். கேமில் அவர் எழுபதாவது தடவையும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடுவார். வேகம் இருப்பதில் பிழை இல்லை. வேகத்துக்கு நிஜத்தில் கொடுக்கும் விலையைக் கேமில் யாரும் வசூலிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

நிறுவனங்களுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே தெரியும். ஆனால் திருத்தப் போய் மாட்டிக்கொண்ட கதை ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2022 செப்டெம்பர் கடைசியில் வந்த பிஃபா 23இல் ஈ.ஏ. நிறுவனம் எல்லா வீரர்களின் ஓட்டத்தையும் மூன்று வகையாகப் பிரித்தது. சிலர் புறப்படும்போதே பாய்வார்கள், அவர்கள் எக்ஸ்புளோசிவ். சிலர் மெல்லப் புறப்பட்டு நீண்ட தூரத்தில் வேகம் எடுப்பார்கள், அவர்கள் லெங்தி. மற்ற எல்லோரும் கன்ட்ரோல்ட். நோக்கம் நல்லது. உயரமான, பலமான, ஆனால் புறப்பட நேரம் எடுக்கும் வீரர்களும் ஏதாவது ஒரு விதத்தில் பயன்பட வேண்டும், குட்டையான வேகக்காரர்களே எல்லா அணியிலும் நிறைந்திருக்கக் கூடாது.

நடந்தது என்ன? லெங்தி வீரர்கள் எல்லோரையும் தாண்டி ஓடினார்கள். முன்கள வீரர் ஹாலண்ட் லெங்தி, பின்கள வீரர் வான் டைக் லெங்தி. வேகப் புள்ளி குறைந்த பின்கள வீரர், வேகப் புள்ளி கூடிய விங்கரை எட்டிப் பிடித்தார். ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வீரரின் புள்ளிகளைக் கூட்டக் கார்டுகளுக்குப் போடும் கெமிஸ்ட்ரி ஸ்டைல்களில் அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத ஆர்க்கிடெக்டைத் தேடிப் பிடித்தார்கள். அது உடல் பலத்தைக் கூட்டும். பலம் கூடினால் சில வீரர்கள் லெங்தி வகைக்குள் விழுவார்கள். ஓடுவதற்காகப் பலத்தைக் கூட்டினார்கள் என்றால் பாருங்கள். பிறகு அப்டேட் போட்டு அடக்க வேண்டி வந்தது. அடுத்த வருடம் எஃப்.சி. 24இல் மூன்று வகையை ஏழாக்கினார்கள். மூன்று பெரிய படிகளாக இருந்ததை ஏழு சின்னப் படிகளாக மாற்றியதால் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் சுருங்கியது. இது புத்தியான திருத்தம் என்றே சொல்வேன். வேகத்தை வெட்டவில்லை, வித்தியாசத்தை மென்மையாக்கினார்கள். ஆனால் மணிக்கூட்டில் கை வைக்கவில்லை. அதனால் முறைப்பாடும் நிற்கவில்லை.

கைபேசியிலும் இதே வியாதிதான், பெயர் மட்டும் வேறு. ப்ரோ எவலூஷன் சொக்கரைச் செய்த கொனாமி 2021இல் அந்தப் பழைய பெயரைக் கைவிட்டு ஈ-ஃபுட்போல் என்று இலவசமாக வெளியிட்டது. முதல் நாள் வந்த வசையைப் பார்த்தவர்கள் அது பிழைக்கும் என்று நம்பியிருக்க மாட்டார்கள். 2022 ஜூனில் கைபேசிக்கும் வந்து, இன்று கிழக்கில் கொன்சோல் வாங்க வசதி இல்லாத வீடுகளிலும் விளையாடப்படுகிறது. அங்கே அணிக்கு ஒரு ஆட்டப் பாணியைத் தெரிவுசெய்ய வேண்டும். பந்தைத் தக்கவைத்து ஆடும் பாணியும் உண்டு, பந்தைப் பறித்ததும் நேரே பாயும் குயிக் கவுன்டரும் உண்டு. ஆட்டம் இன்னும் சுருங்கிய கைபேசியில் எது வாசி என்று சொல்லவே தேவையில்லை.

வேகத்தைப் பற்றிக் கத்துகிறவர்கள் கவனிக்காமல் விடும் இன்னொரு விடயம் பாஸ். நிஜத்தில் முதுகுக்குப் பின்னால் வரும் பந்தை, ஓடிக்கொண்டே, பலவீனமான காலால், ஒரே தொடுகையில் முப்பது மீற்றர் அனுப்ப யாராலும் எப்போதும் முடியாது. கேமில் பட்டனை அழுத்தும் கோணம் கொஞ்சம் பிசகினாலும் கொம்பியூட்டரே திருத்திக்கொடுத்துவிடும். இந்த உதவி இல்லாவிட்டால் புதிதாக விளையாட வருகிறவர் இரண்டு பாஸ்கூடப் போட மாட்டார், அது சரி. ஆனால் உதவி மிஞ்சினால் பாஸில் ஆபத்தே இல்லாமல் போகும். பாஸில் ஆபத்து இல்லாவிட்டால் வேகக்காரரின் காலுக்குப் பந்து ஒவ்வொரு முறையும் சரியாகப் போய்ச் சேரும். வேகத்தின் மேல் போடும் பழியில் பாதியைப் பாஸின் மேல் போட்டால் தகும்.

தற்காப்புப் பக்கம் இதைவிடச் சிக்கல். பிஃபா 12 வரும் வரை ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், பின்கள வீரர் தானாகவே ஓடிப்போய்ப் பந்தைப் பறிப்பார். அந்த வருடம் டெக்டிகல் டிஃபென்டிங் என்று முறையை மாற்றினார்கள். எதிராளியின் முன்னால் நின்று, தூரத்தை அளந்து, சரியான நேரத்தில் காலை நீட்ட வேண்டும். பலர் திட்டினார்கள். என் பார்வையில் இந்தத் தொடரில் நடந்த நல்ல மாற்றங்களில் அது ஒன்று. ஆனால் அதற்குப் பிறகும் கொம்பியூட்டர் தானே காக்கும் அளவு ஒரு வருடம் கூடும், அடுத்த வருடம் குறையும். கூடினால் தற்காப்பில் கையே வைக்காதவன் வெல்கிறான் என்று நன்றாக விளையாடுகிறவர்கள் குமுறுவார்கள். குறைத்தால் புதியவர்கள் ஐந்து, ஆறு கோல் வாங்கிவிட்டு கேமை அழித்துவிட்டுப் போவார்கள்.

அதிர்ஷ்டத்துக்கும் இடம் விட்டாக வேண்டும். 2022 நவம்பர் 22ஆம் திகதி சவூதி அரேபியா ஆர்ஜென்டினாவை 2–1 என்று வென்றது. அதே ஆர்ஜென்டினாதான் கிண்ணத்தைத் தூக்கியது. குறைவாக கோல் விழும் விளையாட்டின் ருசியே அதில்தான் இருக்கிறது. ஆனால் அதே முடிவு கேமில் உங்களுக்கு வந்தால் என்ன சொல்வீர்கள்? "ஸ்கிரிப்ட் மச்சான், கேமே தோற்கடிச்சிட்டு." கம்பத்தில் பட்ட பந்து திரும்பி எதிராளியின் காலுக்கே போகும்போது, கேம் வேண்டுமென்றே செய்கிறது என்ற சந்தேகம் உலகம் முழுக்க உண்டு. இது நீதிமன்றம் வரை போனது. விளையாடுகிறவரின் திறமையைப் பார்த்துக் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் தொழில்நுட்பத்துக்கு ஈ.ஏ. காப்புரிமை எடுத்திருந்ததை வைத்து, 2020 நவம்பரில் கலிபோர்னியாவில் மூவர் வழக்குப் போட்டார்கள். அல்டிமேட் டீமில் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் மறுத்தது. தொழில்நுட்ப விபரங்களைக் காட்டிய பிறகு 2021இல் வழக்கு மீளப் பெறப்பட்டது. சந்தேகம் மட்டும் மீளப் பெறப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தச் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு. இணையத் தாமதம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் போகும். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் இருந்து கொழும்பு, அங்கிருந்து கடலடிக் கேபிளில் சிங்கப்பூர் என்று மொத்தம் மூவாயிரம் கிலோமீற்றர் என்றால், போய் வர ஆகக் குறைந்தது 30 மில்லி செக்கன். அது இயற்பியல் விதிக்கும் வரி, எந்தப் பக்கேஜ் போட்டாலும் குறையாது. செக்கனுக்கு 60 படம் ஓடும் கேமில் அது இரண்டு படம். வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் தன் பங்குக்குக் கூட்டும். இரவு எட்டு மணிக்கு ஊரே இணையத்தில் இருக்கும்போதும், வீட்டில் யாரோ அதே ரவுட்டரில் நாடகம் பார்க்கும்போதும் இன்னும் கூடும். மொத்தம் 100 மில்லி செக்கன் என்றாகிவிட்டால், செக்கனுக்கு 10 மீற்றர் ஓடும் வீரர் அதற்குள் ஒரு மீற்றர் போய்விடுவார். பந்தில் கால் படுவதற்கும் ஆளின் காலில் கால் படுவதற்கும் உள்ள தூரம் அதைவிடக் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது, தாமதம் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. தாக்குகிறவர் தான் என்ன செய்யப் போகிறார் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பார். பட்டனைக் கொஞ்சம் முன்னதாக அழுத்தினால் காரியம் முடிந்தது. காக்கிறவர் கண்டபிறகுதான் அசைய முடியும். கண்ணில் பட்டது கைக்கு வர மனிதருக்கு 200 முதல் 250 மில்லி செக்கன் எடுக்கும், அதன் மேல் இந்தத் தாமதமும் ஏறும். ஆகவே சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்த பேலன்ஸ் அக்கரைப்பற்றுக்கு வந்து சேரும்போது தாக்குகிறவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கையால் காக்க முடியாது என்று கண்டவர்கள் இரண்டாவது வீரரை அனுப்பி நெருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொம்பியூட்டரையே காக்க விடுகிறார்கள். வெளிநாட்டு யூடியூப்காரர் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவார். இங்கே அது பிழைக்கும் வழி.

காசைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அல்டிமேட் டீம் மட்டும் ஈ.ஏ.க்கு 160 கோடி டொலருக்கு மேல் கொண்டுவந்தது. என்ன வரும் என்று தெரியாமல் பெட்டி உடைத்து கார்டு எடுக்கும் அந்த வியாபாரம் சூதாட்டம் என்று பெல்ஜியம் சொன்னதால், 2019 ஜனவரிக் கடைசியில் அங்கே அந்தப் பெட்டிகளை வாங்கப் பயன்படும் பிஃபா பொயின்ட்ஸ் விற்பதை நிறுத்தினார்கள். புதிய கார்டு விற்க வேண்டுமென்றால் அது பழையதைவிடப் பலமாக இருந்தாக வேண்டும். செப்டெம்பரில் கேம் வரும்போது வேகக்காரர் நாலைந்து பேர் என்றால், சித்திரை வருடப் பிறப்பு வரும்போது எல்லோருடைய பின்களத்திலும் வேகப் புள்ளி 90ஐத் தாண்டிய ஆட்கள் நிற்பார்கள். தொடக்கத்தில் பார்த்துப் பார்த்துச் செய்த பேலன்ஸ் எல்லாம் அதற்குள் செல்லாக்காசாகிவிடும்.

2025 செப்டெம்பரில் வந்த எஃப்.சி. 26இல் ஒரு சுவாரசியமான ஒப்புதல் இருக்கிறது. நிறுவனம் அதை ஒப்புதல் என்று சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஒரே கேமுக்குள் இரண்டு ஆட்டத்தை வைத்திருக்கிறார்கள். ஒன்லைனில் மோதுகிறவர்களுக்கு கொம்பெட்டிட்டிவ், தனியாக ஒரு கழகத்தை நடத்தி விளையாடுகிறவர்களுக்கு ஒதென்டிக். முதலாவது விறுவிறுப்பு, இரண்டாவது நிஜ ஆட்டத்தின் கதிக்குக் கிட்ட. எல்லோருக்கும் ஒரே பேலன்ஸ் என்று இத்தனை வருடம் முயன்றது நடக்காத காரியம் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? 12 நிமிடத்தில் கோல் வேண்டும் என்கிறவருக்கும் நிஜத்தைப் போல இருக்க வேண்டும் என்கிறவருக்கும் ஒரே மணிக்கூடு சரிவராது.

பெருநாளுக்கும் பாடசாலை விடுமுறைக்கும் ஊரில் போட்டி வைக்கிறவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. ஒரே டிவியில் நடக்கும் போட்டிக்கு இணையமும் கிடையாது, கார்டு வியாபாரமும் கிடையாது. நிறுவனம் தொட மறுக்கும் மணிக்கூட்டையே நீங்கள் தொடலாம். பாதிக்கு 6 நிமிடம் என்பதை 8 அல்லது 10 ஆக்கினால் வீரர்கள் களைப்பது தெரியத் தொடங்கும், மாற்று வீரர்களுக்கும் வேலை வரும். நேரம் போதாவிட்டால் கால் இறுதியில் இருந்தாவது செய்யலாம். செட்டிங்கில் ஆட்டத்தின் அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்கள் எல்லாம் 50இல் நிற்கும். பாஸ் பிசகும் அளவைச் சொல்லும் பாஸ் எரரை இரு பக்கத்துக்கும் ஒரே அளவில் கொஞ்சம் ஏற்றுங்கள், ஸ்பிரின்ட் ஸ்பீடைத் தொட அவசரப்பட வேண்டாம். பாஸில் ஆபத்து வந்தாலே வேகக்காரரின் பாதி வாலாட்டம் அடங்கும். அணிச் சண்டைக்கு ஜேர்மனியின் உதைபந்தாட்ட கேம் லீக்கான விர்ச்சுவல் புண்டெஸ்லிகா ஒரு வழி கண்டது. அங்கே கழகங்கள் மோதும் போட்டியில் எல்லா வீரர்களின் மொத்தப் புள்ளியையும் 85 என்று சமப்படுத்தி விளையாடினார்கள். நம்மூர் "ரெண்டு பேரும் ஒரே டீம்" சட்டமும் அதே காரியத்தைத்தான் செய்கிறது, அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

வென்றவர் இருக்க, தோற்றவர் எழும்பும் பழக்கத்தை மட்டும் போட்டி நாளில் விட்டுவிடுங்கள். அதில் வெல்கிறவருக்குக் கை சூடாகிக்கொண்டே போகும், புதிதாக உட்காருகிறவர் கன்ட்ரோலரைப் பழகும் முன்னமே இரண்டு கோல் வாங்கிவிடுவார். தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் முதலில் அணி தெரிவுசெய்யட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டிவியின் ரிமோட்டை எடுத்து கேம் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். படத்தை அழகாக்குவதற்காகப் பல டிவிகள் சில பத்து மில்லி செக்கன்களைத் தின்றுவிடும். சிங்கப்பூருக்குப் போய் வருவதைவிடக் கூடிய தாமதம் சில வேளை கண்ணுக்கு முன்னால் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.